ஐயர் இப்படிச் சொல்வார்

கிரிவலத்துக்கு வரும் கூட்டத்திடம் என் அப்பா சுவிசேஷத் துண்டுத் தாள்களைக் கொடுப்பார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே தோள்பையோடு நிற்பார். வாங்கியவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று அவருக்கும் தெரியும். சிலர் விசிறிக்கொள்வார்கள். சிலர் ரோட்டோரத்தில் விரித்து அதன்மேல் உட்கார்ந்து காலை நீவிக்கொள்வார்கள். "யாராவது ஒருத்தர் படிப்பாங்கம்மா" என்பார் அப்பா. என் தம்பி ஜெபா, "பின்பக்கம் சென்னை பஸ் டைம் போட்டுக் குடுங்கப்பா, பத்திரமா வெச்சிப்பாங்க" என்பான். அப்பா போதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், அவர் மனைவி ஐயரம்மா. ஓய்வு பெற்ற ஐயருக்குப் பிரசங்க பீடம் கிடையாது. பேசிப் பழகிய வாய் சும்மா இருக்குமா, அதனால்தான் இந்த பஸ் ஸ்டாண்டு ஊழியம்.

அந்த யாரோ ஒருத்தர் ஒரு நாள் வந்தே விட்டார்.

வெள்ளைத் தாடி, தலையில் பின்னல் குல்லாய், காலில் ரப்பர் செருப்பு. குல்லாயைப் பார்த்து அவரை பாய் என்று நினைத்த அப்பா, எதற்கு வம்பு என்று தாளை நீட்டாமல் இருந்திருக்கிறார். அவராகவே கையை நீட்டி ஆங்கிலத் தாள் ஒன்றை வாங்கினார். நின்ற இடத்திலேயே முழுவதும் படித்தார். கீழே இருந்த அச்சகத்தின் பெயரைக்கூட விடவில்லை. பிறகு மலையாள வாடை அடிக்கும் தமிழில், "இதில் எதிர்ப்பு எவிடே?" என்று கேட்டார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "எதிர்ப்புங்களா?"

"எதிராளி என்ன சொல்லும்னு இதில் எழுதலையே. எதிராளியே இல்லாத பேச்சை நான் எப்படி நம்பும்?"

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு விலாசம் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார். கையில் அந்தத் தாள், அது முழுக்கப் பென்சில் கோடு. எனக்கு வேங்கிக்காலில் கவர்மென்ட் வேலை கிடைத்த அன்றுகூட அப்பா முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அவர் யூதர். கொச்சியில் பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு இஸ்ரேலுக்குப் போனவர். அங்கே ஒரு விவசாயக் கிராமத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். மகள் தியானம் பழகுகிறேன் என்று திருவண்ணாமலைக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட, அவளைக் கூட்டிப்போக வந்தார். அவள் வர மாட்டேன் என்றாள். அவள் மனம் மாறும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு செங்கம் ரோட்டில் ஓர் அறை எடுத்தார். கடைசியில் மகள் மனம் மாறி ஊருக்குக் கிளம்பியபோது இவர் கிளம்பவில்லை. "ஐயரோட ஒரு அத்தியாயம் பாக்கி உண்டு" என்றாராம். பல வருடம் கழித்து, நடை தள்ளாடிய பிறகு அவள் திரும்ப வந்து கூப்பிட்டபோதுதான் போனார். போன வருடம் அவர் இறந்துபோன செய்தியை அவள் போனில் சொன்னாள்.

கேள்விப்பட்டு எங்கள் சபையின் இப்போதைய போதகர் துக்கம் விசாரிக்க வந்தார். நல்ல பிள்ளை, சின்ன வயது. "எவ்ளோ காலம் உங்ககூட உக்காந்து வேதம் படிச்சாரு. கடைசி வரைக்கும் ஆண்டவர ஏத்துக்காமலே போயிட்டாரேங்க ஐயா" என்றார், மெய்யான வருத்தத்தோடு.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏத்துக்கல. ஒரு நாள்கூட ஏத்துக்கல" என்றார். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பேரனைப் பற்றிச் சொல்வதுபோல அதைச் சொன்னார். போதகர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வது? அவரைப் பார்க்காதவர்களுக்கு அந்தப் பெருமையை விளங்கவைப்பது கஷ்டம். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஹாலில் ஒரு மேஜை. இந்தப் பக்கம் அப்பாவின் தமிழ் வேதாகமம், அந்தப் பக்கம் அவருடைய எபிரெய வேதம். அவர் ஒரு வரியை உடம்பை முன்னும் பின்னும் அசைத்தபடி உரக்க வாசிப்பார். அப்பா அதே வரியைத் தமிழில் வாசிப்பார். உடனே அவர், "எதிர்ப்பு எவிடே, ஐயரே?" என்பார். சண்டை ஆரம்பமாகிவிடும். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். புதிய ஏற்பாட்டை அவர் தொட மாட்டார், அதிலிருந்து சாட்சியும் காட்டக் கூடாது. "அது உங்க பின்பக்கம். நமக்குப் பொதுவானது முன்பக்கம். அதில் காட்டுங்க." அப்பா அந்த முன்பக்கத்திலேயே தேடித் தேடி இயேசுவைக் காட்டுவார். பிறருக்காக அடிபட்ட ஊழியக்காரனைப் பற்றி ஏசாயா எழுதியிருக்கிறாரே, அது யார் என்று கேட்பார். அது ஓர் ஆள் அல்ல, அடிபட்டுக்கொண்டே இருக்கும் எங்கள் ஜனம் என்பார் அவர். கடவுள் மனிதனாக முடியாதா, அவருக்கு முடியாதது உண்டா என்பார் அப்பா. முடியும், ஆனால் கடல் ஒரு குடத்துக்குள் வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால் குடத்தைக் கும்பிட எனக்கு அனுமதி இல்லை என்பார் அவர். அப்பாவின் பதில் வலுவில்லாமல் இருந்தால் அவருக்குப் பொறுக்காது. "அப்படிச் சொன்னா நிக்காது, ஐயரே. இப்படிச் சொல்லுங்க" என்று அப்பாவின் கட்சியை அவரே தூக்கி நிறுத்துவார். நிறுத்தி முடித்துவிட்டு அதை இடிப்பார்.

"அப்பா, உங்க எதிர் டீமோட கோச்சே உங்களுக்கும் கோச்சிங் குடுக்கறாரு" என்பான் ஜெபா. அவன் கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். எல்லாவற்றையும் கபடியாகத்தான் பார்ப்பான்.

ஆரம்பத்தில் அப்பா ஒரு தப்புச் செய்தார். நம் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வயதில் பெரியவர், வீட்டுக்கு வந்தவர், அவரை மடக்கினால் நன்றாக இருக்குமா என்று, வாதம் சூடுபிடித்த ஒரு நாள், "நீங்க சொல்றதும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டார். நாமெல்லாம் தினமும் பத்துப் பேரிடம் சொல்வதுதான். அவர் முகம் சிவந்துவிட்டது. புத்தகத்தை மூடி, அதற்கு முத்தம் கொடுத்து, பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"கோச்சுக்கிட்டீங்களா சார்?" என்று அப்பா பின்னாலேயே ஓடினார்.

"என்னை ஒற்றைக்கு விட்டுப் போனது நீங்க" என்றார் அவர், செருப்பை மாட்டியபடி. "எங்க ஊரில் ரெண்டு பேர் சேர்ந்துதான் படிக்கும். ஒருத்தன் சொல்லும், மற்றவன் வெட்டும். வெட்டலைன்னா நான் சொன்னது சரியா தப்பான்னு எனக்கு யார் சொல்லித்தரும்? மரியாதைக்குத் தலையாட்டுற ஆளு எனக்கு எதுக்கு?"

மூன்றாம் நாள்தான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அப்பா அவருக்கு மரியாதை காட்டியதே இல்லை. அவர்கள் போடும் சத்தத்தில் டிவி கேட்காது.

அம்மாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் எதையும் வாயில் வைக்க மாட்டார். வரும்போதே பையில் ஒரு டம்ளரும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவருவார். அம்மா வைத்த டீ ஆறி ஆடை படிந்து கிடக்கும். சில நாள் பொறுத்துப் பார்த்த அம்மா, ஒரு நாள் அவர் முன்னாலேயே வெடித்துவிட்டாள்.

"எங்க ஊர் டீக்கடையில எங்க ஆளுங்களுக்குன்னு தனி டம்ளர் வெச்சிருந்தாங்க. எங்கப்பா அத எடுத்துக் குடிச்சிட்டு அவரே கழுவிக் கவுத்து வெப்பாரு. நானே பாத்திருக்கேன். அந்த அசிங்கம் வேணாம்னுதான் வேதத்துக்கு வந்தோம். இவரு அந்தத் தனி டம்ளர என் வூட்டுக்குள்ளயே எடுத்தாந்துட்டாரு."

அப்பா பதறிப்போனார். அவர்கள் நியாயப்பிரமாணப்படி இறைச்சியும் பாலும் ஒன்றாகப் புழங்கிய பாத்திரத்தில் சாப்பிடக் கூடாது, இதில் ஜாதி இல்லை என்று விளக்கினார். விளக்கியதோடு நிறுத்தினாரா? வாய்க்குள்ளே போவது மனுஷனைத் தீட்டாக்காது என்று எங்க ஆண்டவர் சொல்லி அந்தச் சட்டத்தையே முடிச்சுவெச்சிட்டாரு சார் என்று அதிலும் ஒரு வாதத்தை ஆரம்பித்தார்.

"உங்களுக்கு முடிஞ்சது. எனக்குத் தந்தவர் இன்னும் முடிக்கலையே" என்றார் அவர். ஆனால் அவர் கண் அம்மாவிடமே இருந்தது. "ஐயரம்மா, அந்த டம்ளர் கதையை எனக்கு முழுசாச் சொல்லணும்" என்றார். அம்மா நின்றுகொண்டே சொன்னாள். எபிரெய வேதத்தைக் கேட்பதுபோல உடம்பை அசைத்துக்கொண்டே கேட்டார். அன்றைக்கு விவாதம் நடக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பையில்லாமல் வந்தார். "ஐயரம்மா, வீட்டில் கண்ணாடி கிளாஸ் உண்டா?" என்றார். சட்டத்தில் எங்காவது வழி இருக்கிறதா என்று தன் ஊரில் யாருக்கோ போன் போட்டுக் கேட்டிருக்கிறார். அவர் முன்னோர் வழக்கப்படி கண்ணாடி எதையும் உள்ளே இழுக்காது, கழுவினால் சுத்தம். எந்த வீட்டுக் கண்ணாடியிலும் பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். அம்மா நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுத்தாள். அவர் கண்ணை மூடி ஏதோ சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார். பிறகு இன்னொரு கிளாஸ் கேட்டார். சட்டத்தில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்காமல், அதற்குள்ளேயே என் அம்மாவுக்கு ஓர் இடம் தேடிக் கண்டுபிடித்த மனிதர் அவர். அன்றைக்குத்தான் முதல் முறையாக அவரைப் பார்த்து எனக்கு மலைப்பாக இருந்தது.

இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. அவருடைய அறையின் ஓனரும் சொன்னார். "எல்லா சாமியும் ஒண்ணுதாங்க பெரியவரே. இதுக்கு ஏன் டெய்லி போய் ஐயரோட கத்திட்டு வர்றீங்க?" அவருக்கு வந்ததே கோபம். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் தீரவில்லை. "எல்லாம் ஒண்ணுன்னு சொல்றவன் என்னையும் கேக்கலை, உங்களையும் கேக்கலை, ஐயரே. நீங்க என்னைத் தப்புன்னு சொல்லும். அதுக்கு என்னை முழுசாக் கேக்கணும் இல்லையா?" என்றார். அவர் மனம் திரும்ப வேண்டும் என்று அப்பா தினமும் ஜெபித்தார். அதை அவரிடமே சொல்லவும் சொல்வார். "பண்ணுங்க, பண்ணுங்க. நான் உங்களுக்காக அப்படிப் பண்ணாது. நீங்க யூதனாக வேண்டாம். நல்ல ஐயரா இருந்தா மதி" என்பார் அவர்.

ஒருமுறை ஜெபா விளையாட்டாகக் கேட்டான். "அங்கிள், சும்மா ஒரு வாட்டி இயேசுதான் ஆண்டவர்னு சொல்லிடுங்களேன். அப்பா நிம்மதியாத் தூங்குவாரு."

அவர் சிரிக்கவில்லை. ஜெபாவின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். "மோனே, அதைச் சொன்னா விட்டுடறோம்னு சொல்லி எங்க ஆளுகளைத் தீயில் நிறுத்தியிருக்கு. சொல்லாம வெந்துபோனாங்க. அந்த வார்த்தை என் வாயில் வரக் கூடாது. உன் அப்பாவுக்காகவும் வரக் கூடாது. விளையாட்டுக்கும் வரக் கூடாது." ஜெபா அதற்குப் பிறகு அந்தக் கேலியைத் தொடவில்லை.

அவர்களுடைய எல்லா வாதமும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். மரித்தவர்கள் ஒரு நாள் எழுவார்கள் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. ஒருவர் ஏற்கெனவே எழுந்துவிட்டார், அவர்தான் உலகத்தை மீட்கக் கடவுள் அனுப்புவதாகச் சொன்ன மேசியா என்பதில்தான் சண்டை. யூதப் பெரியவர் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பார். வெளியே குடித்துவிட்டு விழுந்து கிடப்பவன் இருப்பான், குப்பைத்தொட்டியைக் கிளறும் கிழவி இருப்பாள். "மேசியா வந்தா உலகம் நேராகணும். இந்தத் தெருவைப் பாத்துட்டுச் சொல்லுங்க, ஐயரே. அவர் வந்தாச்சா?" என்பார். விதை போட்டாச்சு, அறுப்பு பின்னாடி வரும், வந்தவர் திரும்பவும் வருவார் என்பார் அப்பா. ரெண்டு தடவை வரும்னு எந்தத் தீர்க்கதரிசி சொன்னது என்பார் அவர். வருடக்கணக்கில் இது ஓடியது. இரண்டு பேரும் இம்மி நகரவில்லை.

பிறகு ஜெபா செத்துப்போனான். பள்ளிக்கூடம் விட்டு பைக்கில் வந்துகொண்டிருந்தவனை ஒரு ஜல்லி லாரி அடித்துவிட்டது. அவனுக்குக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எத்தனையோ பேருடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, இவர் மரிக்கவில்லை நித்திரையாயிருக்கிறார் என்று சொன்ன என் அப்பா, தன் மகனுடைய பெட்டிக்குப் பக்கத்தில் வாயைத் திறக்கவில்லை. அழவும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் பேசினார்கள். கர்த்தர் சித்தம் என்றார்கள், நல்ல பூவைத்தான் தோட்டக்காரன் பறிப்பான் என்றார்கள். எனக்கு அவர்களை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவர் மட்டும் தினமும் வழக்கமான நேரத்துக்கு வந்து, தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் போனார். துக்கக்காரர் பேசும் வரைக்கும் துக்கம் கேட்கப் போனவர்கள் பேசக் கூடாது என்பது அவர்கள் முறையாம். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா ஒரு நாள் பேசினார். கட்டிலில் படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க சொன்னதுதான் சரி சார். அவர் இன்னும் வரல."

அவர் அத்தனை வருடமாகக் கேட்க நினைத்த வாக்கியம் அதுதான் என்று நான் எண்ணியிருந்தேன். ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். தரையில் கையை ஊன்றி எழுந்து, "அல்ல. இது பதில் அல்ல, ஐயரே" என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு அப்பா ஜெபம் செய்யவில்லை. குடும்ப ஜெபத்துக்கு அம்மா கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வர மாட்டார். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், அவ்வளவுதான். அம்மாவுக்கு மகன் போன துக்கத்தைவிட இந்தப் பயம் பெரிதாகிவிட்டது. "விசுவாசத்த விட்டுட்டாருன்னா எம்புள்ளைய அங்க எப்படிடி பாப்பாரு? அவன் மட்டும் அங்க தனியா நிப்பானா?" என்று என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒரு நாள் அவர் வந்து உட்கார்ந்துவிட்டுக் கிளம்பும்போது அம்மா பின்னாலேயே போய் கேட்டை மறித்து நின்றாள். "நீங்க ஜெயிச்சிட்டீங்கய்யா. போதும். எங்க ஐயர எங்களுக்குத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். என்ன கேட்கிறாள் என்று அவளுக்குப் புரிந்ததா என்று தெரியாது. இயேசுவை மறுத்ததற்காக முன்னோர் எரிந்துபோன ஒரு மனிதரிடம், என் புருஷனுக்கு இயேசுவைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். அம்மா விலகியதும் அவர் போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. போச்சு, இனி வர மாட்டார் என்று நினைத்தேன்.

வந்தார். கையில் ஒரு புத்தகம் இருந்தது. மலையாளத்தில் அச்சான புதிய ஏற்பாடு. தெரிந்த மலையாள நர்ஸ் ஒருவரிடம் இரவல் வாங்கியது. வாழ்நாளில் தொடாத அந்தப் பின்பக்கத்தை, வராமல் இருந்த நாட்களில் முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்திருக்கிறார். கண்கள் வீங்கியிருந்தன. கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜையை இழுத்துப் போட்டு, அப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எதிரே தன் நாற்காலியைக் காலியாக விட்டார். அதைப் பார்த்து, தான் வழக்கமாகக் கேட்கும் கேள்வியை உரக்கக் கேட்டார். மேசியா வந்தார் என்றால் உலகம் ஏன் இப்படி இருக்கிறது?

பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐயர் இப்படிச் சொல்லும்" என்று ஆரம்பித்தார்.

அப்பாவின் பதிலை அவரே சொன்னார். விதை, அறுப்பு, திரும்பி வருவது, எல்லாவற்றையும் சொன்னார். தன் பெயரில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஐயர் சொல்லும், ஐயர் சொல்லும் என்று வேலி கட்டிக்கொண்டார். எதிராளி இல்லாதபோது அவனுடைய வாதத்தை அவன் பெயரால் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும், அது பொய்யும் ஆகாது பாவமும் ஆகாது என்று அவர்கள் முறையில் இருக்கிறதாம். அந்தச் சின்னச் சந்தில் நுழைந்து, தான் ஒருபோதும் நம்பாத ஒன்றைத் தன் பலம் முழுவதையும் போட்டுப் பேசினார். உடனே தன் பக்கத்திலிருந்து அதை வெட்டினார். திரும்பவும் அப்பாவுக்காக எழுப்பினார். நான் ஆபீஸ் விட்டு வரும்போது ஒரே தொண்டையில் இரண்டு பேர் சண்டை போடுவது வாசலிலேயே கேட்கும். அப்பாவின் கட்சி அவ்வளவு பலமானது என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அப்பாகூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. வாரக்கணக்கில் இது நடந்தது. அப்பா சுவரைப் பார்த்தே கிடந்தார்.

ஒரு நாள் நான் சீக்கிரம் வந்திருந்தேன். அவர் உயிர்த்தெழுதல் பகுதிக்கு வந்திருந்தார். மலையாளப் புத்தகம் மடியில் விரிந்து கிடந்தது, விரல் ஒரு பக்கத்தின்மேல் இருந்தது. காலி நாற்காலியைப் பார்த்து, "மகன் செத்துப்போனவன் என்ன செய்யணும்?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஐயர் இப்படிச் சொல்லும். ஜெபா நல்ல இடத்துக்குப் போயாச்சு. நாளைக்கு எழும்பும். அதனால் அழ வேண்டாம். விசுவாசிக்கு அழுகை எதுக்கு?"

கட்டில் கிறீச்சிட்டது. அப்பா சுவரிலிருந்து திரும்பினார்.

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

அவர் அசையவில்லை.

"அழாதேன்னு நான் யார்கிட்ட சொன்னேன்? எந்தப் பிரசங்கத்துல சொன்னேன்?" அப்பாவின் தொண்டை பழக்கம் விட்டுப்போய் கரகரத்தது. "சிநேகிதன் கல்லறைக்கு முன்னாடி நின்னு அவரே அழுதாரு சார். இன்னும் கொஞ்ச நேரத்துல எழுப்பப்போறோம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் அழுதாரு. என் ஆண்டவரே அழுதிருக்காரு, நான் எப்படி அழாதேன்னு..."

மகனைப் புதைத்த நாளிலிருந்து அழாத மனிதர், அன்றைக்கு உடம்பு குலுங்க அழுதார். ஜெபா, ஜெபா என்று பேர் சொல்லி அழுதார். நான் ஓடப் போனேன். பெரியவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். ஆறுதல் சொல்லவில்லை, முதுகைத் தடவவில்லை. அப்பாவின் நாற்காலியை விட்டு எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் தன் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் தாடி நனைந்திருந்தது.

அழுகை ஓய்ந்ததும் அவர் தொண்டையைக் கனைத்தார். இந்த முறை ஐயர் சொல்லும் என்று ஆரம்பிக்கவில்லை.

"எழுப்ப முடியுற ஆளு எதுக்கு அழணும், ஐயரே? அதில் எனக்கு எதிர்ப்பு உண்டு."

அப்பா வேட்டித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தார். "சொல்லுங்க" என்றார். அவர் சொன்னார். அப்பா பாதியிலேயே வெட்டினார். அவர் மேஜையைத் தட்டினார். அப்பா அதைவிட ஓங்கித் தட்டி, "நீங்க அந்த அதிகாரத்த சரியாவே படிக்கல சார்" என்று கத்தினார்.

நான் சமையல்கட்டுக்கு ஓடினேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சண்ட போடறாருடி" என்றாள். "கேட்டியா? உங்கப்பா சண்ட போடறாரு."